மரணச் சங்கக் காசில் கான் மூடி போட்டோம், செய்தது சரியா? சனிக்கிழமை வட்டாரக் கூட்டத்துக்குப் போகவா, விடவா?

ஒழுங்கைமுனை
ஞாயிறு, இரவு 9.40

எங்கள் ஒழுங்கையில் 42 வீடு. கொழும்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தப் பகுதி, எந்தச் சபை என்று எழுதப் போவதில்லை, அந்த அலுவலகத்தில் என் முகம் தெரியும், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஒழுங்கை வாசலில் வடிகான் மூடி உடைந்து 14 மாதம். முதலில் ஒரு தென்னோலையைச் சொருகி வைத்தோம், பிறகு பழைய டயர், பிறகு யாரோ வீட்டில் கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை. மழை பெய்தால் கான் எது பாதை எது என்று தெரியாது. மூன்று முறை போனேன். முதல் இடத்தில், இது எங்களுடையது இல்லை, பெரிய வீதிக்காரரிடம் போங்கள் என்றார்கள். அங்கே போனால் எங்கள் எல்லை நடைபாதையோடு முடிந்துவிடும் என்றார்கள். திரும்பி வந்தால், கடிதம் சிங்களத்தில் இருந்தால் கெதியாக நகரும் என்று ஒருவர் அன்பாகவே சொன்னார். எங்கள் வட்டாரத்துச் சபை மெம்பர் வந்தார், நல்ல பிள்ளை, படம் எடுத்தார், முகநூலில் போட்டார், முந்நூறு லைக் வந்தது, மூடி வரவில்லை.

போன மாதம் பள்ளிக்கூட ஆட்டோவின் சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, ஒருத்திக்கு மட்டும் முழங்காலில் உரசல். அன்று இரவே எங்கள் மரண உதவிச் சங்கம் கூடியது. சங்கக் காசில் 26,000 ரூபாய் எடுத்து, ஒழுங்கையிலேயே இருக்கும் மேசனைப் பிடித்து, இரண்டு நாளில் கொங்கிரீட் மூடி போட்டு முடித்துவிட்டோம்.

இப்போது சண்டை. செத்த வீட்டுக்குச் சேர்த்த காசைக் கானில் கொட்டிவிட்டீர்கள் என்கிறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஓர் அக்கா கேட்டார்: சோலைவரியும் கட்டி, கானையும் நாங்களே கட்டுவதென்றால் சபை எதற்கு? அதற்கு என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு வட்டாரக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. போய் என்ன கேட்பது?

பிளேன்டீ
ஞாயிறு, இரவு 9.52

போங்கள் அண்ணன். தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும் உறுதி. மற்றதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆமர்வீதிப் பெடியன்
ஞாயிறு, இரவு 10.15

போகாதீர்கள் என்பேன். 2018 பெப்ரவரியில் வாக்குப் போட்டோம். அடுத்த தேர்தலை 2023 மார்ச்சில் வைத்திருக்க வேண்டும், காசில்லை என்று தள்ளிப் போட்டார்கள். அந்த மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து ஜூனில் புதிய சபைகள் வரும் வரைக்கும் எங்கும் அதிகாரிகள் ராச்சியம். சரி, அந்த இரண்டு வருடத்துக்கு மேல் மெம்பரே இல்லாமல் இருந்தோமே, உங்களில் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா? குப்பை லொறி வந்த நாளில் வந்தது, வராத நாளில் வரவில்லை. மெம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஓடும் ஒன்றில் நான் போய் "பங்கேற்று" என்ன ஆகப் போகிறது? உங்கள் சங்கம் செய்ததுதான் சரி. இரண்டு நாளில் முடிந்ததா இல்லையா?

ஓய்வுபெற்ற கிளாக்கர்
திங்கள், காலை 6.05

தம்பி, உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தது. முப்பது வருடம் உள்ளூராட்சிக் கந்தோர்களில் குந்தியவன் நான். சபை இருக்கும்போது ஒரு வீதிக்குக் காசு ஒதுக்குவதென்றால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஏன் அந்த வீதி, ஏன் இந்த வீதி இல்லை என்று கேட்பார். பாதி நேரம் வீண் சண்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சண்டை கூட்டக் குறிப்பில் ஏறும், யாரும் பின்னால் எடுத்துப் பார்க்கலாம். சபை இல்லாத காலத்தில் ஓர் ஆணையாளரோ செயலாளரோ கையெழுத்துப் போட்டால் சரி, கேட்க ஆள் இல்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் வித்தியாசம் இல்லை என்கிறீர்கள், நீதிமன்றம் இருக்கிறது என்றது.

இனி ஒழுங்கைமுனைக்கு. தம்பி, நீங்கள் மூன்று இடத்துக்கு அலைந்ததற்குக் காரணம் அவர்கள் பொய் சொன்னது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அவர்களுக்கே தெரியாது. கொழும்பில் ஒரு பாதையை எடுங்கள். காலி வீதி மாதிரிப் பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதற்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் நீர் வழங்கல் சபை. பின்னால் இருக்கும் பெரிய கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். உள் வீதி, சின்னக் கான், தெரு விளக்கு, குப்பை இவையெல்லாம் மாநகர சபை அல்லது நகர சபை. குழாய் போட ஒருவர் வெட்டுவார், வெட்டியதை மூட இன்னொருவர் வர வேண்டும், இரண்டு பேரும் ஒரே நாளில் வந்ததை நான் பார்த்ததில்லை.

ஆகவே கூட்டத்தில் எழுந்து "கான் எப்போது செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள். "கவனிக்கிறோம்" என்று பதில் வரும், அந்தச் சொல்லை நானே ஆயிரம் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு முதல் ஒன்று பாருங்கள்: உங்கள் ஒழுங்கை சபையின் வீதி இடாப்பில், அதாவது வீதிப் பதிவேட்டில், இருக்கிறதா? இடாப்பில் இல்லாத பாதைக்கு அதிகாரி மனம் வைத்தாலும் ஒரு சதம் செலவழிக்க முடியாது, கணக்காய்வில் அவர் கழுத்துக்கு வரும்.

ஒழுங்கைமுனை
திங்கள், காலை 7.30

இடாப்பா? ஐயா, எங்கள் ஒழுங்கைக்குச் சபையே பெயர்ப்பலகை போட்டிருக்கிறதே. இருக்கத்தானே வேண்டும்?

ஓய்வுபெற்ற கிளாக்கர்
திங்கள், காலை 7.41

பலகை வேறு, இடாப்பு வேறு. பாருங்கள்.

ஒன்பதாம் மாடி
திங்கள், மதியம் 1.20

நான் பேசாமல் வாசித்துக்கொண்டு இருந்தேன், ஆனால் "சபை எதற்கு" என்று கேட்ட அந்த அக்காவுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வேலைக்கு இடையில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா இருந்தது ஒரு தோட்டத்தில். மலையகத் தோட்டம் இல்லை, கொழும்புத் தோட்டம், வத்த, நகரத்துக்குள் நெருக்கிக் கட்டிய ஏழைக் குடியிருப்பு. (சிங்களத்தில் முடுக்குவ என்று எங்களைக் குறைவாகச் சொல்லுவார்கள். அது தமிழ் முடுக்குதான், நம் சொல்லை எடுத்து நம்மையே பேசுவது.) எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்த மாதிரித் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபை என்று ஒன்றை மாநகர சபையின் சுகாதாரப் பகுதி உருவாக்கியது, பின்னால் யூனிசெப் உதவி இருந்தது. பிறகு 1984இல், அப்போது பிரதமராக இருந்த பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. அப்போது தான் பெரிய மாற்றம். கான், பொதுக் கழிப்பறை, நடைபாதை, தண்ணீர்க் குழாய் என்று தோட்டத்துக்குள் செய்ய வேண்டிய சின்ன வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அந்தத் தோட்டத்துச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். காசு வீடமைப்பு அதிகார சபையினுடையது. கை தோட்டத்து ஆட்களுடையது. அளந்து பார்க்க அவர்களின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருவார். சமூக ஒப்பந்தம் என்று பெயர், பிறகு வேறு நாடுகளிலும் இந்த முறையைப் பின்பற்றினார்கள்.

அம்மாவுக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆனால் வந்த லொறியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு இது ஒரு கியூப் இல்லை, முக்கால்தான் என்று மணல்காரனைத் திருப்பி அனுப்புவார். வெளி ஒப்பந்தக்காரன் வந்திருந்தால் அந்தக் கால் கியூப் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கான் கட்டியது பக்கத்து வீட்டுப் பெடியன், சீமெந்தைக் குறைத்தால் மழை வந்து முதலில் அவன் வீட்டுக்குள்தான் தண்ணீர் போகும். மேற்பார்வை என்றால் அதுதான்.

அதனால் அண்ணன், நீங்களே கட்டியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். காசு யாருடையது என்பதில்தான் பிழை. 26,000 ரூபாயைச் சபையிடம் வாங்கி அதே மேசனை வைத்துச் செய்திருந்தால் உங்கள் ஒழுங்கையில் இன்றைக்குச் சண்டையே இல்லை.

இப்போது நான் இருப்பது ஒன்பதாம் மாடியில். 2010க்குப் பிறகு நகர மீளுருவாக்கம் என்று தோட்டங்களை உடைத்து, ஆட்களை மாடிக்கு ஏற்றினார்களே, அதில் வந்தவர்கள் நாங்கள். அந்த மாடிகளில் எத்தனையோ நல்லது இருக்கிறது, வெள்ளம் இல்லை, சொந்தக் கழிப்பறை, மகளுக்குப் படிக்க ஒரு மூலை, இதையெல்லாம் மறுக்க மாட்டேன். ஆனால் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த மாடி என்பதைக் கூடச் சீட்டுக் குலுக்கித்தான் தந்தார்கள். தோட்டத்தில் பக்கத்து வீடாக இருந்தவர் இப்போது வேறு கட்டடத்தில், என் கதவுக்கு நேரே இருப்பவர் வேறு தோட்டத்துக்காரர், முதல் இரண்டு வருடம் முகம் பார்த்துச் சிரிக்கவே இல்லை. சட்டப்படி மாடிக்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்று ஒன்று குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்த வேண்டும். யாரைத் தெரியும் என்று யாரைத் தெரிவு செய்வது? லிப்ட் நின்றால் எங்களுக்குள் காசு சேர்க்கப் போனால், இரண்டாம் மாடிக்காரர் எனக்கு லிப்ட் தேவையில்லை என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கோபம் வருகிறது.

ஆமர்வீதிப் பெடியன்
திங்கள், மதியம் 2.05

அக்கா, நல்ல கதை, ஆனால் அது வெளிநாட்டுக் காசும் பிரேமதாசவின் பிடிவாதமும் இருந்த காலம். காசு போனதும் சபையும் போய்விட்டது. உங்கள் அம்மாவின் அபிவிருத்திச் சபை இப்போது எங்கே?

ஒன்பதாம் மாடி
திங்கள், மாலை 6.45

பாதி உண்மை தம்பி. பல சபைகள் பெயருக்கு மட்டும் நின்றன, தலைவர் கட்சிக்காரராகிவிட்டார், பிறகு வாசிகசாலைச் சாவி மட்டும் அவர் வீட்டில். ஆனால் எல்லாம் போகவில்லை. அதே தோட்டங்களில் சின்னக் குழுக்களாகப் பெண்கள் வாரா வாரம் சில ரூபாய் சேர்த்துத் தொடங்கியதுதான் காந்தா பெங்குவ, மகளிர் வங்கி. 1989இல் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது, கொழும்பை விட்டு மற்ற மாவட்டங்களுக்கும் போய்விட்டது. அம்மா கடைசி வரை அதில் இருந்தார். அதற்கும் அபிவிருத்திச் சபைக்கும் ஒரே வித்தியாசம், இதில் காசு அவர்களுடையது, அதனால் ஒவ்வொரு கிழமையும் வந்தார்கள். ஒழுங்கைமுனை அண்ணனின் மரணச் சங்கமும் அதே ரகம்தான், இல்லையா? சாவு எப்போது என்று தெரியாது, ஆகவே சந்தா நிற்பதில்லை.

வாடகைவாசி
திங்கள், இரவு 8.30

நான் வெள்ளவத்தைப் பக்கம். இங்கே ஒரு பாவமன்னிப்பு: 11 வருடமாக இங்கே குடியிருக்கிறேன், என் வாக்கு இன்னும் ஊரில். தேர்தல் வந்தால் கொழும்பில் பாதித் தமிழர் பஸ் ஏறுகிறோம். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பெடியன்கள் ஹட்டன், பதுளைப் பக்கம், நாங்கள் யாழ்ப்பாணம், வவுனியா. நல்லூரில் யார் தவிசாளர் என்று தெரியும், என் வாசலில் குப்பை எடுக்கும் சபையில் என் வட்டார உறுப்பினர் யார் என்று தெரியாது. 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் 561,314 பேர். அதில் எத்தனை பேர் என்னைப் போல உடம்பு இங்கே, பெயர் அங்கே என்று யாராவது எண்ணினால் தேவலை.

பெயரை மாற்றலாம் என்பது தெரியும். ஜீ.எஸ்.இடம் (கிராம அலுவலர்) போய், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டு, இடாப்பு திருத்தும் காலத்தில் படிவம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், வாக்கைப் பதிந்தால் வீட்டைப் பிடித்துக்கொள்வேன் என்று பயம். சோலைவரியும் அவர் பெயரில்தான் வருகிறது. அவரோ ஜனவரி 31க்கு முன்னால் முழு வருடத்துக்கும் கட்டி 10 வீதக் கழிவு வாங்குவதைத் தவிர சபையோடு வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஆக வரி கட்டுபவருக்குக் கான் பற்றிக் கவலை இல்லை, கானில் விழுபவருக்கு வாக்கு இல்லை.

பிளேன்டீ
திங்கள், இரவு 8.41

இதைத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

கொலன்னாவைக்காரன்
திங்கள், இரவு 11.10

வாக்கு இருந்தும் பயனில்லாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது, இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கொழும்பு நகரத்துக் குப்பை முதலில் புளூமெண்டலில் கொட்டப்பட்டது. 2009இல் அது மூடப்பட்டதும் மீதொட்டமுல்லைக்கு வந்தது. மீதொட்டமுல்லை மாநகர சபை எல்லைக்கு வெளியே. அங்கே இருந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், வீதியில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், வருடக்கணக்காக. பங்கேற்பு என்றால் அதைவிட என்ன செய்ய முடியும்? 2017 ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்று பின்னேரம் குப்பை மலை சரிந்து 32 பேர் போனார்கள்.

யாரிடம் கேட்டார்களோ அவர்களுக்கு இவர்களுடைய வாக்குத் தேவையில்லை. குப்பை ஒரு சபையினுடையது, வாக்கு இன்னொரு சபைக்கு. கிளாக்கர் ஐயா சொன்ன "யாருடைய வீதி" என்ற கேள்வி கான் மூடிக்கு மட்டும் இல்லை.

மழைக்குருவி
செவ்வாய், காலை 10.20

அந்தக் கதைக்குப் பிறகு படிவம் பற்றிப் பேசுவது சின்னதாகத் தெரியலாம், ஆனாலும் பேசுகிறேன். ஒழுங்கைமுனை அண்ணன், இடாப்பைப் போய்ப் பார் என்றால் யாரும் காட்ட மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் இதுவரை ஏழு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ஐந்துக்குப் பதில் வந்தது, ஆகவே கொஞ்சம் அனுபவம் உண்டு.

முக்கியம், "ஏன்" என்று கேட்கக் கூடாது. ஏன் கானைச் செய்யவில்லை என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். இந்த வட்டாரத்து வீதி இடாப்பின் பிரதி, இரண்டு வருடத்தில் இந்த வட்டாரத்தில் கான் வேலைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தப் பிரதி, அளவுப் பட்டியல். அளவுப் பட்டியலை மறக்க வேண்டாம், ஒன்பதாம் மாடி அக்காவின் அம்மா மணல் அளந்தது மாதிரி நீங்கள் கொங்கிரீட் அளக்க அதுதான் நாடா. உங்களுக்கு எதற்கு என்று தகவல் அலுவலர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், சட்டத்தில் இருக்கிறது. பற்றுச்சீட்டு வாங்காமல் வர வேண்டாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எழுத வராதவர் வாயால் சொன்னாலும் போதும், அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இதை என் அம்மம்மாவை வைத்துச் சோதித்துப் பார்த்தேன், அந்த அலுவலர் பாவம், வியர்த்துவிட்டார்.

அடுத்தது மொழி. கடிதம் சிங்களத்தில் இருந்தால் கெதியாகப் போகும் என்று சொன்னவர் அன்பாகச் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. கொழும்பு, திம்பிரிகஸ்யாய இரண்டு பிரதேச செயலகப் பிரிவும் இரு மொழிப் பிரிவுகள். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். மறுத்தால் மொழி முறைப்பாட்டுக்குத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, 1956. ஆமாம், தனிச் சிங்களச் சட்டம் வந்த அந்த வருடமேதான். யார் தேர்ந்தெடுத்தார்களோ, பகிடியாகச் செய்தார்களா தெரியாமல் செய்தார்களா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இன்னொன்று. சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குக் கூட்டம் வைத்தால் எந்தப் பெண் வருவாள்? உள்ளூராட்சியில் 25 வீதம் பெண்கள் என்று சட்டம் வந்ததால்தான் 2 வீதம் அளவில் இருந்த பெண் உறுப்பினர் தொகை 2018இல் 20 வீதத்தைத் தாண்டியது. மேடையில் பெண் இருக்கிறார், கதிரையில் இல்லை. உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒழுங்கைமுனை
செவ்வாய், மதியம் 12.15

மனைவியிடம் காட்டினேன். போவதென்றால் இரவுச் சாப்பாடு கடையில் என்கிறார். சரி என்றேன்.

ஆமர்வீதிப் பெடியன்
புதன், இரவு 9.00

ஒரு சந்தேகம். இப்போது பிரஜா சக்தி என்ற அரசாங்கத் திட்டத்தில் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் சமூக அபிவிருத்திச் சபை போடுகிறார்களே, அக்காவின் அம்மா இருந்ததும் அதே பெயர்தானே? அப்போ பழையது திரும்பி வருகிறதா?

ஓய்வுபெற்ற கிளாக்கர்
வியாழன், காலை 6.10

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தலைவரை யார் போடுகிறார் என்று பாருங்கள். குடியிருப்பவர்கள் கை உயர்த்திப் போட்டால் ஒன்று, மேலே இருந்து நியமனக் கடிதம் வந்தால் வேறொன்று. பிரஜா சக்தி பற்றி இந்தக் குறை வெளியிலும் பேசப்படுகிறது. ஏற்கெனவே வாக்குப் போட்டு வந்த உறுப்பினர் ஒருவர் வட்டாரத்தில் இருக்கும்போது, அதே தெருவுக்கு நியமனத் தலைவர் ஒருவரும் இருந்தால் மக்கள் யாரிடம் போவார்கள்? யாரிடம் காசு இருக்கிறதோ அவரிடம். வறிய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தக் குழுக்கள் உதவலாம், அதை நான் தட்டிக் கழிக்கவில்லை. கான் கட்டும் பொறுப்பை அவர்கள் தலையில் போட்டுவிட்டுச் சபை ஒதுங்கினால்தான் பிரச்சினை.

ஒழுங்கைமுனை
ஞாயிறு, காலை 8.20

போய் வந்தோம். பிளேன்டீ தம்பி, பிஸ்கட் மாரி இல்லை, கிறீம் கிரேக்கர்.

31 பேர். எண்ணினேன், வேறு வேலை இல்லாததால். 20 பேர் என்னைவிட மூத்த ஆண்கள். முதல் முக்கால் மணி நேரம் வரவேற்பும் நன்றியும். பேசியது சிங்களத்தில், தமிழில் சொல்ல ஆள் போட்டிருக்கவில்லை, முன் வரிசையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தானாக எழுந்து அழகாகச் சொன்னாள். கேள்வி நேரத்தில் எல்லோரும் தன் வீட்டு வாசலைப் பற்றிப் பேசினார்கள், எனக்கும் அதே ஆசை வந்தது. மனைவி என் சட்டையை இழுத்துவிட்டுத் தானே எழுந்தார். மூன்று கேள்வி: எங்கள் ஒழுங்கை வீதி இடாப்பில் இருக்கிறதா, வட்டாரத்துக்கு இந்த வருடம் கான் வேலைக்கு எவ்வளவு, சின்ன வேலைகளை எங்கள் சங்கத்துக்கே ஒப்பந்தமாகத் தர முடியுமா. மேடையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெம்பர் நல்ல கேள்வி என்றார். பக்கத்தில் இருந்த அதிகாரி எழுதிக்கொண்டார், உண்மையாகவே எழுதினார், நான் எட்டிப் பார்த்தேன். பதில் தெரியவில்லை, எழுத்தில் தாருங்கள் என்றார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மனைவி கைப்பையில் இருந்து தகவல் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுக்க, அதை அலுவலகத்தில் தர வேண்டும் அம்மா என்றார். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.

வரும் வழியில் "செத்த வீட்டுக் காசு" என்று சண்டை பிடித்த ஐயா கூட நடந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கை வாசலில் புது மூடி மேல் ஏறி நின்று இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒழுங்கைமுனை
ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.00

பதில் வந்துவிட்டது. தமிழில், மூன்று பக்கம், காசு வாங்கவில்லை.

கிளாக்கர் ஐயா, உங்கள் கால் எங்கே என்று சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கை இடாப்பில் இல்லை. காணியைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் விட்ட தனியார் பாதையாம், சபை இன்னும் பொறுப்பெடுக்கவில்லை. பெயர்ப்பலகை யார் போட்டது என்ற பதிவும் இல்லை. அதாவது இத்தனை வருடம் நாங்கள் திட்டியது ஒரு பாதையைப் பற்றி, கணக்கில் அந்தப் பாதையே கிடையாது. இதை ஒருவராவது முதல் நாளே சொல்லியிருந்தால் 14 மாதம் மிச்சம். சங்கத்துக்கு ஒப்பந்தம் தருவது பற்றி ஒரு வரி: பரிசீலிக்கலாம், பாதை பொது வீதியான பிறகு.

இனி என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற கிளாக்கர்
வெள்ளி, இரவு 8.35

கால் பிடிக்க வேண்டாம், மூட்டு வலி. பாதையில் உரிமை உள்ள எல்லா வீட்டுக்காரரும் பாதையைச் சபைக்கு ஒப்படைக்கச் சம்மதம் என்று கையெழுத்திட்டு, நில அளவை வரைபடத்தோடு கொடுங்கள். பிறகு சபை தீர்மானம் போட்டு எடுக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் இழுபடும். காணி உறுதிகளைப் பாருங்கள், யார் யார் வெளிநாட்டில் என்று முதலில் எழுதுங்கள். தீர்மானம் போடும் கூட்டம் எந்த நாள் என்று கேட்டு, அன்றைக்குப் பார்வையாளர் இருக்கையில் பத்துப் பேர் போய் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம், சும்மா உட்காருங்கள்.

ஒழுங்கைமுனை
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.05

42 வீட்டில் 39 கையெழுத்து வந்துவிட்டது. மரணச் சங்கத்துச் சந்தாக் கொப்பியைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போனோம், வேறு எந்தப் பட்டியலும் அவ்வளவு சரியாக இல்லை. இரண்டு வீடு வழக்கில் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். மிச்சம் 17ஆம் இலக்கம், ஆள் ரொறன்ரோவில். வாட்ஸ்அப்பில் பிடித்தோம். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் என் மதிலுக்கு முன்னால் இனி யாரும் ஆட்டோ நிறுத்தக் கூடாது என்று எழுத்தில் வேண்டும் என்கிறார்.

நிறுத்துவது சங்கத் தலைவரின் மருமகன். நாளைக்கு இரவு பேசப் போகிறோம்.